பல வண்டிப் பாகங்கள் சேர்ந்த பழைய மின்சார டிராக்டர்: சீரமைக்கும் முறை

பாட்டரியில் ஓடும் டிராக்டர் இன்று புதுமையாகப் பேசப்படுகிறது. ஆனால் அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1969-லேயே இத்தகைய சிறு தோட்ட டிராக்டரைச் செய்து விற்கத் தொடங்கியது. 'எலக்-டிராக்' என்பது இதன் பெயர். நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடி நகரில் தயாரானது. புல் வெட்டவும், பனி அள்ளவும், தோட்டம் கிளறவும் தனித்தனிக் கருவிகள் இதில் பொருத்தப்பட்டன. 1970-களின் நடுவில் ஜெனரல் எலக்ட்ரிக் இதைக் கைவிட்டது. இதே வகை வண்டிகள் நியூ ஐடியா, வீல் ஹார்ஸ் என்ற பெயர்களிலும் விற்பனையாயின.

எனவே இன்று ஒருவர் கைக்கு வந்து சேரும் வண்டி, பெரும்பாலும் ஒரே வண்டியாக இருப்பதில்லை. மூடி ஒரு மாடலுடையது, மோட்டார் வேறொன்றுடையது, புல்வெட்டும் தட்டு மூன்றாவது வண்டியிலிருந்து கழற்றியது. இதைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. மூடி, இருக்கை, சக்கரம் மாறியிருந்தால் அழகுதான் குறையும். பாட்டரி, மோட்டார், கட்டுப்பாட்டு அமைப்பு ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் வண்டியும் கெடும், ஓட்டுபவருக்கும் ஆபத்து. பெயிண்ட் அடிக்கும் வேலையைக் கடைசியில் வைத்துக் கொள்ளலாம்.

முதலில் பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு ஒயரும் எங்கிருந்து எங்கே போகிறது என்று படம் வரைந்து, சீட்டுக் கட்டி வைக்க வேண்டும். அடுத்து வண்டிச் சட்டத்தின் தகட்டையும் மோட்டாரின் தகட்டையும் ஒப்பிட வேண்டும். மோட்டாரில் இரு வகை உண்டு. ஒன்றில் நிலைக்காந்தம் இருக்கும். மற்றொன்றில் காந்தத்திற்குப் பதில் பீல்டு காயில் இருக்கும். பெரிய மாடல்களில் பீல்டு காயிலுக்குச் செல்லும் மின்சாரத்தைக் குறைத்துத்தான் வேகத்தைக் கூட்டினார்கள். பீல்டு பலவீனமானால் மோட்டார் வேகமாகச் சுற்றும், இழுவை குறையும். நிலைக்காந்த மோட்டாரை இந்த வண்டியில் மாட்டினால் இந்த வேகக் கட்டுப்பாடு வேலை செய்யாது.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. சுமை இல்லாத நிலையில் பீல்டு இணைப்பு அறுந்து, ஆர்மேச்சருக்கு மட்டும் மின்சாரம் போனால், மோட்டார் கட்டுக்கடங்காத வேகமெடுத்துச் சுருள்கள் சிதறிவிடக் கூடும். நமது பம்புசெட்டின் ஏ.சி. மோட்டாரில் இந்தக் குணம் இல்லாததால், அதில் கைதேர்ந்த மெக்கானிக்கும் இதை எதிர்பார்க்க மாட்டார். ஆகவே பீல்டு காயிலின் தொடர்ச்சியை மீட்டரில் பார்த்து, முனைகளைச் சுத்தம் செய்து இறுக்கிய பின்பே மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்க வேண்டும்.

ஸ்விட்சுகளிலும் இதே எச்சரிக்கை தேவை. ஏ.சி. மின்சாரம் ஒரு நொடிக்குப் பல முறை பூஜ்யத்தைத் தொடுவதால், ஸ்விட்சில் எழும் தீப்பொறி எளிதில் அணையும். டி.சி.யில் அப்படி அணையாது. முந்தைய சொந்தக்காரர் கைக்குக் கிடைத்த ஏ.சி. கான்டாக்டரை மாட்டியிருந்தால், முனைகள் ஒட்டிக்கொண்டு வண்டி நிற்காமல் ஓடும். டி.சி.க்கென்றே செய்த கான்டாக்டர், ஃபியூஸ் ஆகியவற்றை மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

எலக்-டிராக் 36 வோல்ட்டில் ஓடுகிறது. 6 வோல்ட் பாட்டரிகள் 6 வரிசையாக இணைக்கப்படும். வோல்ட் குறைவு என்பதால் ஆம்பியர் அதிகம். 3 கிலோவாட் வேலைக்கு ஏறக்குறைய 83 ஆம்பியர் பாயும். துருப்பிடித்த ஒரு கேபிள் முனையில் 0.05 ஓம் தடை இருந்தாலும் 4 வோல்ட்டுக்கு மேல் அங்கேயே வீணாகி, முனை கொதிக்கும். 'மோட்டாருக்குப் பலம் இல்லை' என்று ரீவைண்டிங்குக்குத் தூக்கிச் செல்லுமுன், தடித்த கேபிள்களையும் முனைகளையும் புதுப்பித்துப் பார்ப்பது நல்லது. கார்பன் பிரஷ் அளவு பொருந்தினால் போதாது. குறைந்த வோல்ட், அதிக ஆம்பியருக்கு ஏற்ற, செம்பு கலந்த ரகமாகவும் இருக்க வேண்டும்.

பாட்டரியில் சிக்கனம் பார்த்து மூன்று பழையது, மூன்று புதியது என்று கலக்கவே கூடாது. வரிசை இணைப்பில் வலுக்குறைந்தது முதலில் காலியாகி, மற்றவை அதைத் தலைகீழாகச் சார்ஜ் செய்துவிடும். வாங்கிய புதியவையும் வீணாகும். கோல்ஃப் வண்டிக்கான 6 வோல்ட் பாட்டரி இதற்குப் பொருந்தும் என்பது ஒரு நல்ல வாய்ப்பு. முழு சார்ஜில் ஹைட்ரோமீட்டர் 1.265 முதல் 1.280 வரை காட்ட வேண்டும். டிஸ்டில்டு வாட்டரைச் சார்ஜ் ஏறிய பின்பு நிரப்புங்கள். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் மூடியைத் திறந்து வைத்து, பீடி, தீப்பொறி அண்டாமல் காக்க வேண்டும்.

லித்தியம் பாட்டரி போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. போடலாம், ஆனால் பழைய சார்ஜர் அதற்கு உதவாது, பாதுகாப்புச் சுற்றுடன் புதிய சார்ஜர் வேண்டும். மேலும், ஈய பாட்டரிகள் ஆறும் சேர்ந்து சுமார் 170 கிலோ. அந்தப் பாரம்தான் சக்கரத்துக்குப் பிடிப்பைத் தருகிறது. அதை எடுத்துவிட்டால் வேறு எடை கட்ட வேண்டியிருக்கும். எனக்கென்னவோ இந்த வண்டிக்கு ஈய பாட்டரியே போதும் என்று தோன்றுகிறது.

சோதனை ஓட்டத்தின்போது பின்சக்கரங்களை உறுதியான தாங்கிகள் மீது உயர்த்தி வையுங்கள். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு துண்டிப்பு ஸ்விட்ச் இருக்கட்டும். முதல் கியரில் சில நிமிடங்கள் ஓட்டி நிறுத்திய பின், மின்சாரத்தைத் துண்டித்து, ஒவ்வொரு முனையையும் தொட்டுப் பாருங்கள். சூடாக இருப்பதை மீண்டும் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். புல்வெட்டும் தட்டை அதன் பிறகே இணைக்கலாம். அதன் கத்திகளைச் சுற்றும் சிறு மோட்டார்களில் காந்தங்கள் பசையால் ஒட்டப்பட்டவை. வயதானதும் அவை கழன்று ஆர்மேச்சரில் உரசும். மின்சாரம் கொடுக்குமுன் கத்தியைக் கையுறை அணிந்து மெல்லச் சுற்றிப் பார்த்தால் உராய்வு தெரிந்துவிடும்.