பள்ளத்தில் இறங்கிய கார் ஏன் ஸ்டார்ட் ஆவதில்லை?

வெயிலில் காய்ந்து கிடந்த தார்ச்சாலையில் முதல் மழை விழும் நேரம் ஓட்டுநர்களுக்கு மிக ஆபத்தானது. லாரிகள் சிந்திய டீசலும் ஆயிலும், டயர் உதிர்த்த ரப்பர் தூளும், டிராக்டர் சக்கரம் வயலிலிருந்து இழுத்துவந்த செம்மண்ணும் தண்ணீரில் குழைந்து வழுவழுப்பான படலமாகிவிடும்.

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் கார் காய்ந்த சாலையில் பிரேக் பிடித்த பிறகு ஏறக்குறைய 20 மீட்டரில் நின்றுவிடும். ஈரச் சாலையில் உராய்வு குறைவதால் அதற்கு 35 மீட்டர் வரை தேவைப்படும். டயர் மொட்டையாக இருந்தால் இன்னும் தள்ளிப் போகும். இடையில் வளைவு வந்தால் வண்டி சாலையை விட்டு இறங்கிவிடும்.

அப்படி இறங்கி நின்ற வண்டியில் யாருக்கும் அடியில்லை என்று வைத்துக்கொள்வோம். பதற்றத்தில் எல்லோரும் செய்வது, திரும்பத் திரும்பச் சாவியைத் திருப்புவது. அதைத்தான் செய்யக் கூடாது. இக்னிஷனை அணைத்துவிட்டு எல்லோரும் கீழே இறங்க வேண்டும். பெட்ரோல் வாடை வருகிறதா, அடியில் ஆயில் ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். கல்லில் இடித்து ஆயில் சேம்பர் உடைந்திருந்தால், அந்த நிலையில் இன்ஜினை ஓட்டினால் சில நிமிடங்களில் ஜாம் ஆகிவிடும். வாடையோ ஒழுக்கோ இருந்தால் சாவியைத் தொடவே வேண்டாம்.

இவை இரண்டும் இல்லை, வண்டி தண்ணீரிலும் இறங்கவில்லை என்றால் ஒரே ஒரு முறை சாவியைத் திருப்பிக் காது கொடுத்துக் கேளுங்கள். அனுபவமுள்ள மெக்கானிக் தொடங்குவதும் அங்கேதான்.

டேஷ்போர்டில் விளக்கே எரியவில்லை, சத்தமும் இல்லை என்றால் குலுங்கலில் பேட்டரி டெர்மினல் கழன்றிருக்கலாம் அல்லது மெயின் ஃபியூஸ் போயிருக்கலாம். ‘டிக் டிக்’ என்று மட்டும் கேட்டால் பேட்டரி இறங்கியிருக்கலாம், எர்த் வயர் தளர்ந்திருக்கலாம். முழு சார்ஜ் உள்ள பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது அது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம்.

செல்ஃப் நன்றாக அடிக்கிறது, ஆனால் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் எரிபொருள் வருகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பெட்ரோல் காரில் சாவியை ‘ஆன்’ நிலைக்குக் கொண்டுவந்ததும் பின்சீட்டுப் பக்கம் இரண்டு விநாடி ‘ஊம்ம்’ என்று ஃபியூவல் பம்ப் ஓடும் சத்தம் கேட்க வேண்டும். அது கேட்கவில்லை என்றால், வண்டி தானாகவே எரிபொருளை நிறுத்தியிருக்க வாய்ப்பு உண்டு. விபத்தில் குழாய் உடைந்து பெட்ரோல் பீய்ச்சியடித்துத் தீப்பிடிக்காமல் இருக்கச் செய்யப்பட்ட ஏற்பாடு அது.

பழைய கார்கள் சிலவற்றில் இதற்கென்று ஒரு சிறிய ஸ்விட்ச் உண்டு. அதற்குள் கூம்பு வடிவக் குழியில் ஓர் எஃகுக் குண்டைக் காந்தம் பிடித்து வைத்திருக்கும். பலமான அதிர்ச்சி வந்தால் குண்டு காந்தப் பிடியிலிருந்து விடுபட்டு, கூம்பின் சரிவில் ஏறி மேலே உள்ள தகட்டில் மோதும். உடனே பம்ப்புக்குப் போகும் மின்சாரம் துண்டிக்கப்படும், ஸ்விட்சின் பட்டன் மேலே எழும்பும். கசிவு இல்லை என்று உறுதி செய்துகொண்டு அதை அழுத்தினால் போதும், வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும். புதிய கார்களில் ஏர்பேகைக் கட்டுப்படுத்தும் கணினியே இந்த உத்தரவைத் தருகிறது. அதை மீட்கும் முறை காருக்குக் கார் மாறும்.

வேறு எளிய காரணங்களும் உண்டு. டேங்கில் பெட்ரோல் குறைவாக இருந்து வண்டி சாய்ந்து கிடந்தால், எரிபொருள் ஒரு பக்கம் ஒதுங்கிவிட, பம்ப் காற்றை இழுக்கும். பின்பக்கமாக மண்ணில் புதைந்திருந்தால் சைலன்சர் வாய் சேற்றால் அடைபட்டிருக்கும். புகை வெளியேற முடியாத இன்ஜின் ஓடாது.

எல்லாவற்றிலும் ஆபத்தானது ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தத்தோடு செல்ஃப் நின்றுபோவது. வண்டி வாய்க்கால் தண்ணீரில் இறங்கியிருந்தால், ஏர் ஃபில்டர் வழியாக இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருக்கும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. 1,200 சிசி இன்ஜினில் நான்கு சிலிண்டர் என்றால் ஒன்றுக்கு 300 சிசி. அழுத்த விகிதம் 10 என்று கொண்டால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் வெறும் 33 மில்லி லிட்டர். அதற்கு மேல் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் ஏற வழியில்லை. வலுக்கட்டாயமாகச் சுழற்றினால் கனெக்டிங் ராடு வளையும். வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்தாலும் இதே கதிதான்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மூழ்கிய கார்களை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம் என்று கார் நிறுவனங்கள் எச்சரித்தது இதனால்தான். சாதாரண காப்பீட்டில் இந்தச் சேதத்துக்குப் பெரும்பாலும் பணம் கிடைப்பதில்லை. இன்ஜின் பாதுகாப்புக்கான கவரைத் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும்.

வண்டி தண்ணீரில் இறங்கியிருந்தால் ஏர் ஃபில்டரைத் திறந்து தொட்டுப் பாருங்கள். ஆயில் அளவுகோலை உருவிப் பாருங்கள். ஃபில்டர் நனைந்திருந்தாலோ, ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தாலோ ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள். மெக்கானிக் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு இன்ஜினைச் சுழற்றித் தண்ணீரை வெளியேற்றுவார். முதல் நாளே செய்தால் பெரும்பாலும் இன்ஜின் பிழைத்துக்கொள்ளும்.

யாருக்காவது அடிபட்டிருந்தால் காரை மறந்துவிட்டு 108-ஐ அழையுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் சிக்கினால் 1033 உதவும். மழைக்காலம் தொடங்கும் முன் டயரின் பட்டன் ஆழத்தைப் பாருங்கள். சட்டப்படி 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது. காரோடு வந்த கையேட்டைப் பிரித்து, ஃபியூஸ் பெட்டி எங்கே, எரிபொருள் நிறுத்தும் ஸ்விட்ச் உண்டா, இருந்தால் எங்கே என்று இன்றே தெரிந்துகொள்ளுங்கள். இருட்டிலும் மழையிலும் நின்று தேடுவதைவிட அது எளிது.