மலையடிவாரத்தில் கூடாரமா? முதலில் பெரட்டு எடுங்கள்!

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய கேள்வி இது. "குளிர் நாடுகளில் பனிச்சறுக்கு விளையாடப் போகிறவர்கள் உயிர்காக்கும் கருவிகளைக் கட்டிக்கொண்டு போகிறார்களாம். மலையில் கூடாரம் போடும் நமக்கும் அப்படி ஏதாவது உண்டா?" நல்ல கேள்வி. உண்டு என்பதே பதில். ஆனால் அவர்கள் கருவி வேறு, நம் கருவி வேறு. ஏன் வேறு என்று தெரிந்துகொண்டால்தான் நம் உயிர் தப்பும்.

கோலசிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு வெள்ளம் தெரியும். கால்வாய் நிரம்பினால் எந்தச் சாமானை முதலில் மேலே தூக்கி வைக்க வேண்டும் என்பது வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் மலை சரிவதை நாம் பார்த்ததில்லை. நம்முடையது சமதரை. பள்ளி விடுமுறை வந்தால் மட்டும் காரை எடுத்துக்கொண்டு உலு யாம், பத்தாங்காலி, கோலகுபு பாரு என்று மலைப்பக்கம் போகிறோம். பழக்கமில்லாத இடத்தில் பயமும் இருப்பதில்லை.

முதலில் பனியைப் பார்ப்போம். பனிச்சறுக்குக்காரர் மூன்று பொருள் கொண்டு போகிறார். ஒன்று, மார்பில் கட்டும் சிறிய வானொலிக் கருவி. அது 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கும். ஒருவர் புதைந்தால், மற்றவர்கள் தங்கள் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றி, அந்தத் துடிப்பைப் பின்தொடர்வார்கள். இரண்டு, மடித்து வைக்கும் நீளக் குச்சி. பனிக்குள் குத்தி, ஆள் கிடக்கும் இடத்தையும் ஆழத்தையும் உறுதி செய்ய அது உதவும். மூன்று, உலோக மண்வெட்டி. சிலர் காற்றுப் பையும் முதுகில் மாட்டுவார்கள். நிலக்கடலை டின்னைக் குலுக்கினால் பெரிய பருப்பு மேலே வருகிறதல்லவா? அதுபோல, பை உப்பினால் ஓடும் பனியில் ஆள் மேற்பரப்புக்கு வர வாய்ப்பு அதிகம்.

ஒன்றைக் கவனியுங்கள். அந்த மூன்றில் ஒன்றைக்கூடப் புதைந்தவர் தாமே பயன்படுத்தி வெளியே வர முடியாது. என்னுடைய உயிர் என் நண்பர் கையில் இருக்கும் கருவியில்தான் இருக்கிறது. நேரமும் குறைவு. முழுதும் புதைந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி நேரமானால் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான். பனிக்குள் கொஞ்சம் காற்று இருப்பதால் அந்தப் பத்து நிமிடமாவது கிடைக்கிறது.

அதற்கு மேல் பிழைப்பது அபூர்வம். 2016 பிப்ரவரி 3ஆம் தேதி சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் வீரர்கள் பத்துப் பேர் பனியில் புதைந்தார்கள். அவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். மோப்ப நாய், ரேடார் எல்லாம் கொண்டு தேடியதில், ஆறாம் நாள் ஹனுமந்தப்பா என்ற ஒருவர் மட்டும் உயிரோடு கிடைத்தார். அவரும் பிப்ரவரி 11ஆம் தேதி காலமானார்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். ஒரு கன மீட்டர் ஈர மண்ணின் எடை ஏறக்குறைய இரண்டு டன். அதற்குள் மூச்சுவிட இடமில்லை. கை மண்வெட்டியால் அதை அள்ளி முடியாது.

2022 டிசம்பர் 16ஆம் தேதி பின்னிரவில் பத்தாங்காலியில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கெந்திங் மலைக்குப் போகும் வழியில் இருந்த ஒரு பண்ணை முகாமின் மேல், சுமார் 30 மீட்டர் உயரத்திலிருந்து மண் சரிந்தது. கூடாரங்களில் குடும்பம் குடும்பமாக உறங்கிக்கொண்டிருந்தார்கள். 61 பேர் தப்பினார்கள். 31 பேர் இறந்தார்கள், குழந்தைகள் உட்பட. மோப்ப நாய்களும் மண்வாரி இயந்திரங்களும் வந்தன. கடைசி உடல் கிடைத்தது டிசம்பர் 24ஆம் தேதி. அந்தப் பண்ணைக்குக் கூடார முகாம் நடத்த உரிமம் இல்லை என்று அரசு அப்போது கூறியது.

காரணம் என்ன? தொடர் மழைதான் முக்கியக் காரணம் என்று பின்னர் வந்த ஆய்வறிக்கை சொன்னது. அதற்கு முந்திய 30 நாள்களில் 440 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்திருந்தது. நீர் இறங்க இறங்க மண் கனக்கிறது, பிடிப்பை இழக்கிறது. அதனால், "இன்றைக்கு வெயிலடிக்கிறதே" என்று நம்பிப் போகக்கூடாது. போன மாதமெல்லாம் பெய்த மழை மலைக்குள் இருக்கிறது.

ஆகவே, நம் கருவிகள் தோண்டுவதற்கானவை அல்ல, முன்கூட்டியே கிளம்புவதற்கானவை.

முதல் கருவி தகவல். வானிலை ஆய்வுத் துறையின் தொடர்மழை எச்சரிக்கையில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று நிலை உண்டு. மஞ்சள் வந்தாலே மலைப்பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். முகாமுக்கு உரிமம் உண்டா என்று முன்பணம் கட்டுமுன் கேளுங்கள்.

இரண்டாவது, கண். செங்குத்தான சரிவின் அடியிலும் ஆற்றோரத்திலும் கூடாரம் போடாதீர்கள். தரையில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், தெளிந்த ஊற்று திடீரெனக் கலங்குவது, சிறு கற்கள் உருள்வது, இடி போன்ற உறுமல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும், கேட்டாலும் சாமானை விட்டுவிட்டுச் சரிவுக்குப் பக்கவாட்டில் விலகி ஓடுங்கள்.

மூன்றாவது, ஆளுக்கொரு விசிலும் தலையில் மாட்டும் டார்ச் லைட்டும். இடிபாட்டில் சிக்கியவரின் தொண்டை சீக்கிரம் வற்றிவிடும். விசில் ஊதக் கொஞ்சம் மூச்சு போதும். காலணி கூடார வாசலில் இருக்கட்டும். கார் வெளியேறும் பக்கம் பார்த்து நிற்கட்டும். கைத்தொலைபேசியில் மின்சாரம் இருக்கட்டும். அவசர எண் 999. இரவில் மழை விடாது பெய்தால் ஒருவர் மாற்றி ஒருவர் விழித்திருங்கள்.

கடைசியாக, பெரட்டு. தோட்டத்தில் விடியற்காலையில் பெயர் கூப்பிட்டு ஆள் எண்ணிய பிறகுதானே வேலைக்காட்டுக்கு அனுப்பினார்கள்? பத்தாங்காலியில் முகாமில் எத்தனை பேர் இருந்தார்கள் என்ற கணக்கே முதல் நாளில் மாறிக்கொண்டிருந்தது. எத்தனை பேரைத் தேடுவது என்று தெரியாமல் தேடுவது எவ்வளவு கொடுமை! ஆகவே எங்கே போகிறோம், யார் யார், என்றைக்குத் திரும்புகிறோம் என்று ஒரு தாளில் எழுதி வீட்டில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். படுக்கப் போகுமுன் ஒருமுறை எண்ணுங்கள்.

பனிச்சறுக்குக்காரர்களும் மலையேறுமுன் வரிசையாக நின்று ஒவ்வொருவர் கருவியும் துடிக்கிறதா என்று சோதிக்கிறார்கள். அதுவும் பெரட்டுதான். நம் தாத்தா பாட்டிக்குப் பழகிய வேலையை, விடுமுறையில் ஐந்து நிமிடம் நாம் செய்யக்கூடாதா?