பாவலர் சகோதரர்கள் – ஒரு பாட்டுக் குழுவின் நெடும்பயணம்

பாட்டுக் குழுக்களுக்கு ஆயுள் குறைவு என்பதை நாம் கண்கூடாகக் காண்கிறோம். திருவிழாவுக்குத் திருவிழா மேடையேறும் மெல்லிசைக் குழுக்களுள் பத்தாண்டுக் காலம் கலையாமல் நிற்பவை சிலவே. பணம் பங்கிடுவதில் மனக்கசப்பு, முன்னால் நின்று பாடுவது யார் என்ற போட்டி, திருமணம், வேலை மாற்றம் என்று ஏதேனும் ஒன்று வந்து குழுவைப் பிரித்துவிடும். ஆனால் நம் மதுரைச் சீமையில் தோன்றிய ஒரு குழுவோ, தன் பெயரும் மேடையும் மறைந்த பின்னும் தமிழர் வீடுகளில் நாள்தோறும் ஒலித்துக்கொண்டிருக்கிறது. அதுதான் ‘பாவலர் பிரதர்ஸ்’.

மதுரையிலிருந்து மேற்கே சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள ஊர் பண்ணைப்புரம். இன்று அது தேனி மாவட்டம். 1996 வரை மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அவ்வூரில் பாவலர் வரதராசன் என்பவர் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடி வந்தார். பாட்டு எழுதுவதும் அவரே, பாடுவதும் அவரே. அவருடைய தம்பிமார் பாஸ்கர், ராசய்யா, அமர்சிங் ஆகியோர் ஒருவர்பின் ஒருவராகக் குழுவில் சேர்ந்தனர். ராசய்யாதான் பிற்கால இளையராஜா. அமர்சிங்தான் கங்கை அமரன்.

வரதராசன் கையாண்ட முறை மிக எளியது. மக்கள் வாயில் ஏற்கெனவே இருக்கும் சினிமா மெட்டையோ, வயற்காட்டுப் பாட்டையோ எடுத்துக்கொள்வார். அதில் கூலி, பசி, விலைவாசி பற்றிய புதிய சொற்களை ஏற்றிப் பாடுவார். இதிலுள்ள நுட்பத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். புதுப் பாட்டு ஒன்றைக் கேட்கும்போது நம் மனம் பாதி மெட்டிலும் பாதி சொல்லிலும் அலைகிறது. மெட்டு முன்பே தெரிந்ததாக இருந்துவிட்டால் கவனம் முழுவதும் சொல்லுக்கே போய்விடும். மதரின் நாமவிழாவுக்கு நாங்கள் வாழ்த்துப் பாட்டு எழுதும்போதும் தெரிந்த மெட்டையே தேடுகிறோம். ஒரே நாளில் பள்ளி முழுவதும் பாடிவிடுகிறது!

1958-ல் கேரளத்தின் தேவிகுளம் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தமிழர்கள் நிறைந்த மலைப்பகுதி அது. வரதராசன் அங்கே சென்று தோட்டத்துக்குத் தோட்டம் பாடினார். அவர் பாடிய கட்சியின் வேட்பாளரான ரோசம்மா புன்னூஸ் வென்றார். தமிழில் பாடிய பாட்டுக்கு மலையாள நாட்டுத் தேர்தல் மேடையில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை.

சிறுவன் ராசய்யாவுக்கு இக்குழுவே பள்ளிக்கூடம். முதலில் பெண் குரலில் பாடும் வேலை கிடைத்தது. வயது ஏறிக் குரல் உடைந்ததும் அந்த வேலை போயிற்று. பிறகு ஆர்மோனியத்தின்மேல் ஆசை. அண்ணனோ தொடக்கூடாது என்று கண்டித்தார், கையில் பிரம்படியும் கொடுத்தார். அண்ணன் இல்லாத நேரம் பார்த்துப் பழகியே தம்பி தேர்ந்தார். (இதைப் படித்துவிட்டுக் கணக்குப் பாடத்தை மூடிவைக்கலாம் என்று எந்தத் தோழியும் எண்ண வேண்டாம், அந்த உழைப்பு கணக்கைவிடக் கடினமானது.)

1960-களின் இறுதியில் சகோதரர்கள் சென்னைக்குப் புறப்பட்டனர். தாயார் சின்னத்தாயம்மாள் வீட்டிலிருந்த வானொலிப் பெட்டியை விற்று 400 ரூபாய் கொடுத்தனுப்பினார். பாட்டுக் கேட்பதற்கென்று வீட்டில் இருந்த ஒரே பொருள், பிள்ளைகள் பாட்டுக்காகவே போயிற்று. சென்னையில் எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தின் மெல்லிசைக் குழுவில் இளையராஜாவும் கங்கை அமரனும் கிட்டாரும், பாஸ்கர் தாள வாத்தியமும் வாசித்தனர். ஆக, பெயர் மாறினாலும் அண்ணன் தம்பிகள் ஒரே மேடையில்தான் இருந்தனர். தன்ராஜ் மாஸ்டரிடம் இளையராஜா மேலைநாட்டு இசையை முறையாகக் கற்றதும் இக்காலத்தில்தான்.

1973-ல் வரதராசன் காலமானார். மூன்றே ஆண்டுகளில், 1976-ல், ‘அன்னக்கிளி’ வெளிவந்தது. இந்திப் பாட்டுகள் தமிழ்நாட்டுத் தெருக்களில் ஓங்கி ஒலித்துக்கொண்டிருந்த நேரம் அது. நாற்று நடும் பெண்களின் குரலும் கிராமத்துத் தாளமும் திரைக்கு வந்தபோது, நம் மக்கள் தம் சொந்தப் பாட்டைத் திரும்பப் பெற்றவர்கள்போல் மகிழ்ந்தனர். அதைப் புதுமை என்று எல்லாரும் சொன்னார்கள். எங்களுக்கோ, அண்ணனோடு ஊர் ஊராய்ச் சுற்றிய ஆண்டுகளின் சேமிப்பே அது என்று தோன்றுகிறது. அந்த வெற்றியைக் கேட்க அண்ணன்தான் இல்லை.

அதன்பின் கதை உங்களுக்குத் தெரிந்ததே. கங்கை அமரன் எழுதிய ‘செந்தூரப் பூவே’ பாடலுக்காக எஸ். ஜானகிக்குத் தேசிய விருது கிடைத்தது. 1989-ல் ‘கரகாட்டக்காரன்’ படத்தையும் அவரே இயக்கினார். பாஸ்கர் ‘பாவலர் கிரியேஷன்ஸ்’ என்று அண்ணன் பெயரிலேயே படங்கள் எடுத்தார். இளையராஜா ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களுக்கு இசையமைத்தார். 2005-ல் அவர் திருவாசகத்தைப் புடாபெஸ்ட் இசைக்குழுவோடு இணைத்துத் தந்தார். அதை வெளியிட முன்னின்றவர் ஒரு கத்தோலிக்கக் குருவான ஜெகத் கஸ்பார் என்பது நம் அருட்சகோதரிகளுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. 2018-ல் பத்ம விபூஷண் வந்தது.

அமெரிக்காவில் ‘கிரீன் டே’ என்றொரு பாப் பங்க் குழு உண்டு. பங்க் என்பது விலையுயர்ந்த வாத்தியமோ நீண்ட பயிற்சியோ இல்லாமல், கிட்டாரில் மூன்று நான்கு சுரக்கூட்டுகளை வைத்துக்கொண்டு, மனத்தில் உள்ள கோபத்தை வேகமாகப் பாடிவிடும் முறை. 1987-ல் அக்குழுவைத் தொடங்கிய பள்ளித் தோழர்கள் இருவருக்கும் அப்போது 15 வயது, அதாவது எங்கள் வயது! 2024-லும் அவர்கள் புதிய இசைத்தட்டு வெளியிட்டார்கள். நாட்டை ஆள்வோரைக் கேள்வி கேட்டுப் பாடும் வழக்கத்தையும் விடவில்லை. எளிய மெட்டு, துணிந்த சொல் என்ற அளவில் அவர்களும் வரதராசனும் உறவினர்களே. ஆனால் அவர்கள் ஒரு குழுவாகவே நிலைத்தார்கள். பாவலர் குழுவோ பெயரைக் கரைத்துவிட்டுத் தொழிலை மட்டும் தொடர்ந்தது. இரண்டில் எது கடினம் என்று எங்கள் வகுப்பில் வாதாடிப் பார்த்தோம். வாக்குகள் பாதிக்குப் பாதி பிரிந்தன.

2025 மார்ச் 8 அன்று லண்டன் அப்பல்லோ அரங்கில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு, ‘வேலியண்ட்’ என்னும் இளையராஜாவின் சிம்பொனியை அரங்கேற்றியது. தேயிலைத் தோட்டத்து மேடையில் அண்ணனுக்குப் பின்னால் நின்று பாடிய பண்ணைப்புரத்துச் சிறுவனுக்கு அப்போது வயது 81.