பேச இடம் தரும் பணியிடம்



மே முதல் நாளில் தொழிலாளரான புனித யோசேப்பின் திருநாளைக் கொண்டாடுகிறோம். 1955இல் திருத்தந்தை 12ஆம் பயஸ் ஏற்படுத்திய திருநாள் இது. அன்று பல பங்குகளில் மண்வெட்டி, கொத்துக் கரண்டி, தையல் எந்திரம், டிராக்டர் சாவி எல்லாம் பீடத்தின் முன் வந்து சேரும். மந்திரிப்போம், இனிப்பும் வழங்குவோம். நல்லதே. ஆனால் அந்தக் கருவியைப் பிடிக்கிறவர் தாம் வேலை செய்யும் இடத்தில் வாய் திறந்து பேச முடிகிறதா என்று நாம் கேட்பது குறைவு.

‘பணியிடப் பண்பாடு’ என்று பெரிய நிறுவனங்களில் வகுப்பு நடத்துகிறார்கள். கள்ளக்குறிச்சிப் பக்கம் வேலை என்றால் அரிசி ஆலை, கரும்பு வெட்டு, மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் உள்ள சர்க்கரை ஆலைகள், துணிக்கடை, தனியார் பள்ளி. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் வெளியூர்க் கூலி. இங்கே அந்தப் பேச்செல்லாம் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். இங்கேதான் அது மிகவும் தேவைப்படுகிறது என்பது நம் எண்ணம். அதற்குக் காரணம் இந்த மலையின் வரலாற்றிலேயே இருக்கிறது.

கல்வராயன் மலை நெடுங்காலம் சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்ற மூன்று ஜாகிர்களின் கீழ் இருந்தது. மலையாளி மக்கள் ஜாகிர்தாரின் நிலத்தில் கூலியில்லாமல் உழைத்தார்கள். வெட்டி வேலை என்று அதற்குப் பெயர். நாடு விடுதலை பெற்ற பிறகும் அது நீடித்தது. 1975 அக்டோபர் 25 முதல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஜாகிர்களை 1976இல் அரசு எடுத்துக்கொண்டது. இன்று எழுபதைக் கடந்த மலைவாசிகளுக்கு இது பாடப்புத்தகச் செய்தி அல்ல, அவர்களின் இளமைக்காலம்.

வெட்டி வேலையில் கூலி இல்லை என்பது பாதிக் கொடுமைதான். மறுபாதி, சொல் ஒரே திசையில் மட்டும் போனது. மேலிருந்து கட்டளை வரும், கீழிருந்து எதுவும் போகாது. ஜாகிர் போன பின்னும் இந்தப் பழக்கம் வேறு உருவில் தொடர்கிறது. அதன் இன்றைய பெயர் ‘அட்வான்ஸ்’. மகள் திருமணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு ஒருவர் போகிறார். எடை குறைத்துப் போட்டாலும், கணக்கு மாறினாலும் அவர் கேட்பதில்லை. வாங்கிய பணம் வாயை அடைத்துவிடுகிறது. 1976ஆம் ஆண்டுச் சட்டம் இதை நன்றாகவே புரிந்துகொண்டது. முன்பணத்துக்காக ஒருவர் கூலியின்றியோ பெயரளவு கூலிக்கோ உழைக்க வேண்டியிருந்தால், அல்லது வேறு வேலைக்குப் போகும் உரிமையை, விரும்பிய இடத்துக்குப் போய்வரும் உரிமையை இழந்தால், அது கொத்தடிமைதான் என்கிறது சட்டம். சங்கிலி வேண்டியதில்லை. அப்படிப்பட்ட கடனைத் திருப்பிக் கொடுக்கும் கடமையும் இல்லை. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவதும் கட்டாய உழைப்பே என்று 1982இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மலையிலிருந்து கொஞ்சம் இறங்கி, நம் வீட்டுப் பிள்ளைகள் வேலை பார்க்கும் துணிக்கடைகளுக்கு வருவோம். கடைக்குள் நுழைந்ததும் “வாங்கம்மா, என்ன பாக்குறீங்க?” என்று கேட்கும் பெண் காலையிலிருந்து நிற்கிறாள். கூட்டம் இல்லாத வேளையிலும் உட்காரக்கூடாது. கால் வீக்கம், நரம்புச் சுருட்டல், கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்க வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பது, அதனால் வரும் சிறுநீர்த் தொற்று. இவை யாருக்கும் தெரியாத இரகசியங்கள் அல்ல. ஆனால் கேரளத்தில் கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள் ஒன்றுசேர்ந்து உரக்கச் சொல்லும்வரை அவை ‘பிரச்சினை’ ஆகவில்லை. 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் எல்லாருக்கும் இருக்கை வசதி தர வேண்டும் என்று ஆக்கியது. ஒரு ஸ்டூல்! அதற்கு இரண்டு மாநிலங்களின் சட்டமன்றங்கள் தேவைப்பட்டன. நாற்காலி போட்டாயிற்று, மேற்பார்வையாளர் முறைக்கிறார் என்றால் அந்தப் பெண் உட்காரப் போவதில்லை என்பதும் நமக்குத் தெரியும். அடுத்த முறை கடைக்குப் போகும்போது, “உட்காருப்பா, நாங்க மெதுவா பாக்குறோம்” என்று நாமே சொல்லலாம். முதலாளி காதில் விழும்படி சொன்னால் இன்னும் நல்லது.

திண்டுக்கல் பக்கம் நடந்ததை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வேலை செய்த இளம் பெண் 2021 ஜனவரியில் கொலை செய்யப்பட்டார். அதன் பிறகு, அங்கே பெண்கள் பட்டுவந்த தொல்லைகள் வெளியே வந்தன. பெண்கள் தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் என்ற தொழிற்சங்கம் விடாமல் போராடியது. 2022இல் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ கையெழுத்தானது. அதில் நமக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. ஏறக்குறைய 25 தொழிலாளருக்கு ஒருவர் என்ற கணக்கில் தொழிலாளர்களுக்குள்ளிருந்தே கண்காணிப்பாளர்களை ஏற்படுத்தினார்கள். தையல் எந்திரத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அக்காவிடமே குறையைச் சொல்லலாம். அந்த அக்கா அதை நிர்வாகத்திடம் கொண்டுபோவார். சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது. மீறினால், துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்கள் ஆலைமீது நடவடிக்கை எடுக்கக் கடமைப்பட்டவை. சுவரில் புகார்ப் பெட்டி மாட்டுவதற்கும் இதற்கும் எவ்வளவு வேறுபாடு! பெரும்பாலான புகார்ப் பெட்டிகளின் சாவி எவர்மேல் புகாரோ அவரிடமே இருக்கும்.

விவிலியம் அறிந்தவர்களுக்கு இங்கே விடுதலைப் பயணம் 18ஆம் அதிகாரம் நினைவுக்கு வரும். மோசே உட்கார்ந்திருக்கிறார், மக்கள் காலை முதல் மாலைவரை அவரைச் சுற்றி நிற்கிறார்கள். நிற்பவர்கள் களைத்துப் போவதைக் கவனித்தவர் வெளியிலிருந்து வந்த மாமனார் இத்திரோ. ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு ஒருவர் என்று பொறுப்பைப் பகிர்ந்துகொடுக்கச் சொல்கிறார். மோசே மறுக்காமல் கேட்கிறார். கடவுளோடு பேசுகிறவரே மாமனார் பேச்சைக் கேட்டாரென்றால், நாம் எம்மாத்திரம்?

தொடக்கத் திருஅவையிலும் குறை எழுந்தது. அன்றாடப் பந்தியில் தங்கள் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசுவோர் முணுமுணுத்தார்கள். திருத்தூதர்கள் “யார் இப்படிப் பேசியது?” என்று விசாரணை வைக்கவில்லை. எல்லாரையும் கூட்டினார்கள், ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கும் வேலையை மக்களிடமே விட்டார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரக்கோர், நிக்கானோர், தீமோன், பர்மனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன தரப்பின் கையிலேயே பந்திப் பொறுப்பு போய்ச் சேர்ந்தது என்று விவிலிய அறிஞர் பலர் இதிலிருந்து கருதுகிறார்கள். திருத்தூதர் பணிகள் 6ஆம் அதிகாரத்தை நாம் திருத்தொண்டர்களின் தொடக்கமாக மட்டும் வாசிக்கிறோம். ஒரு குழுவுக்குள் மனத்தாங்கலை எப்படித் தீர்ப்பது என்பதற்கும் அதுவே பாடம்.

இனி நம் வீட்டுக்குள் பார்ப்போம். நமக்குப் பள்ளிகள் உண்டு, விடுதிகள் உண்டு, மருத்துவமனைகள் உண்டு. பங்கு இல்லத்தில் சமையல் செய்கிறவரும், கோயிலைப் பெருக்குகிறவரும், உபதேசியாரும் ஊழியர்களே. 1981இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் எழுதிய ‘லபோரெம் எக்செர்சென்ஸ்’ திருமடலின் சாரம், வேலை மனிதருக்காக, மனிதர் வேலைக்காக அல்ல என்பது. அதை மறையுரையில் சொல்வது எளிது. நம் ஆசிரியர் கூட்டங்கள் எப்படி நடக்கின்றன? தலைமை வகிப்பவர் முக்கால் மணி நேரம் பேசுவார். கடைசியில் “யாருக்காவது சந்தேகம் உண்டா?” என்பார். அமைதி. “சரி, எல்லாருக்கும் சம்மதம்” என்று கூட்டம் முடியும். அந்த அமைதியைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது வசதியானது, அவ்வளவுதான். புனித ஆசீர்வாதப்பர் 6ஆம் நூற்றாண்டில் தம் துறவியருக்கு எழுதிய ஒழுங்கில், முக்கிய முடிவுகளுக்கு எல்லாரையும் அழைக்கச் சொன்னார். நல்ல யோசனையை ஆண்டவர் பலமுறை இளையவருக்கே காட்டுகிறார் என்பது அவர் தந்த காரணம். கூட்டத்தில் வயதில் இளையவரை, ஊதியத்தில் குறைந்தவரை முதலில் பேசவிட்டுப் பார்க்கலாம். பெரியவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் அதையே வழிமொழிவார்கள்.

தமிழில் மரியாதை வினைச்சொல்லிலேயே இருக்கிறது. அறுபது வயது மலைவாசியை இருபத்தைந்து வயதுக் கணக்கர் “ஏய், இங்க வா” என்று கூப்பிடுகிறார். “ஐயா, வாங்க” என்பதற்குப் பைசா செலவில்லை. தவறு செய்தவரை எல்லார் முன்னும் திட்டுவதும் இப்படித்தான். தனியாகப் போய்ச் சொல் என்பது மத்தேயு 18இல் ஆண்டவர் காட்டிய முதல் படி. இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் பெயரைப் போட்டுக் கண்டிப்பதை எந்தப் படியில் சேர்ப்பது என்று நமக்குத் தெரியவில்லை.

சட்டம் கேட்பதையாவது நாம் செய்தாக வேண்டும். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் எந்த இடத்திலும் உள்ளகக் குழு இருக்க வேண்டும். தலைவர் அங்கு மூத்த பொறுப்பிலுள்ள பெண், உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியாள் ஒருவர். அருட்சகோதரிகளின் நிறுவனத்துக்கும், மறைமாவட்டப் பள்ளிக்கும் இதில் விலக்கு இல்லை. பத்துப் பேருக்குக் குறைவான இடங்களிலும் வீடுகளிலும் வேலை செய்யும் பெண்கள் மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவிடம் போகலாம். பொதுவாக மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். எழுதத் தெரியாதவருக்கு எழுதிக்கொடுக்க அந்தக் குழுவே உதவ வேண்டும்.

வேலைக்கு வெளியூர் போகும் குடும்பங்கள் புறப்படுமுன் வாங்கிய முன்பணம், தேதி, அழைத்துப் போகிறவர் பெயர், கைபேசி எண், போகும் ஊர் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி, ஒரு படியை ஊரில் நம்பகமான ஒருவரிடம் வைத்துவிட்டுப் போகட்டும். அன்பியக் கூட்டங்களில் இதைச் சொல்லிக்கொடுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098, இலவசச் சட்ட உதவிக்கு 15100. திருப்பலி அறிவிப்புகளோடு இவற்றையும் கோயில் அறிவிப்புப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.