உலோகத்தின் மேல் விளையும் அணு ஏடுகள்

செஞ்சிக்கு அருகிலுள்ள சீயமங்கலத்தில், மகேந்திரவர்ம பல்லவன் 7ஆம் நூற்றாண்டில் குடைவித்த கோயிலை நீங்கள் பார்த்திருக்கலாம். பாறையில் வேண்டாததை நீக்க, வேண்டியது எஞ்சி நிற்கிறது. பொருளை உருவாக்க இது ஒரு வழி. செங்கல்லை அடுக்கிச் சுவர் எழுப்புவது மற்றொரு வழி. ஓர் அணு அளவே தடிமனுள்ள ஏடுகளைப் பெறவும் விஞ்ஞானிகள் இவ்விரு வழிகளையுமே கையாளுகின்றனர்.

இரண்டு ஏடுகள்

உங்கள் பென்சிலில் உள்ள கிராஃபைட்டு, கார்பன் ஏடுகளின் அடுக்கே ஆகும். ஒரு மில்லிமீட்டர் தடிமனில் சுமார் 30 இலட்சம் ஏடுகள் உள்ளன. அவற்றுள் ஒற்றை ஏட்டுக்குக் கிராஃபீன் என்று பெயர். 2004இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெய்ம், நோவோசெலோவ் இருவரும் ஒட்டுநாடாவால் உரித்துரித்தே இதனைப் பிரித்தனர். 2010இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றனர்.

போரான் நைட்ரைடும் இதே தேன்கூட்டு அமைப்புடையது. அதில் போரான் அணுவும் நைட்ரஜன் அணுவும் மாறி மாறி அமர்ந்துள்ளன. அணுக்களின் இடைவெளியில் இரண்டுக்கும் ஏறத்தாழ 2 விழுக்காடே வேறுபாடு. ஆனால் கிராஃபீன் மின்சாரத்தை நன்கு கடத்தும். போரான் நைட்ரைடு கடத்தாது. சிலிகா மீது வைத்த கிராஃபீனைவிட, போரான் நைட்ரைடு மீது வைத்த கிராஃபீனில் எலெக்ட்ரான்கள் மிக எளிதாக ஓடுகின்றன என்று 2010இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் காட்டினர். சமதளமான மெத்தை கிடைத்ததே காரணம். எனவே ஒன்றன்மேல் ஒன்றாக இவற்றை அடுக்க வேண்டியதாயிற்று. ஆனால் உரித்தெடுப்பவை பெரும்பாலும் கடுகளவும் இல்லாத துணுக்குகள். பெரிய ஏடு வேண்டுமானால் வளர்க்கத்தான் வேண்டும்.

செம்பு செய்யும் வேலை

மெல்லிய செம்புத் தகட்டை உலையில் வைத்து, சுமார் 1,000 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றுகிறார்கள். செம்பு 1,085 டிகிரியில் உருகும்; ஆகவே தகடு உருகும் நிலைக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. பின்னர் ஹைட்ரஜனுடன் மீத்தேனைச் செலுத்துகிறார்கள். சாண எரிவாயுவில் உள்ளதும் இதே மீத்தேன்தான். செம்பின் பரப்பு வினையூக்கியாகி மீத்தேனைச் சிதைக்கிறது. விடுபட்ட கார்பன் அணுக்கள் திட்டுத் திட்டாகக் கூடி, பாலில் ஏடு படர்வதுபோலப் படர்ந்து ஒன்றிணைகின்றன.

செம்பு கார்பனைக் கரைத்துக்கொள்வதே இல்லை எனலாம். எனவே பரப்பு முழுதும் மூடியதும் மீத்தேனைச் சிதைக்க வெற்றுச் செம்பு கிடையாது. வளர்ச்சி பெரும்பாலும் ஓர் ஏட்டோடு தானே நின்றுவிடுகிறது. 2009இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ருவாஃப் குழுவினர் இதனைக் காட்டினர். நிக்கல் இதற்கு மாறானது. சூட்டில் கார்பனைக் கரைத்துக்கொண்டு, ஆறும்போது வெளிவிடும். பாகு ஆற ஆறக் கற்கண்டு படிவது போன்றது இது. இதனால் ஓரிடத்தில் ஓர் ஏடும் மற்றோரிடத்தில் பல ஏடுகளும் உண்டாகக்கூடும்.

இரண்டாம் ஏட்டின் சிக்கல்

முதல் ஏட்டை எளிதாக்கிய குணமே இரண்டாவதற்குத் தடையாகிறது. மூடுண்ட உலோகம் அடுத்த ஏட்டுக்கு உதவுவதில்லை. தனித்தனியே வளர்த்து, உலோகத்தை இரசாயனத்தால் கரைத்து, ஏடுகளை எடுத்து அடுக்கலாம். ஆனால் சுருக்கம் விழும். இடையில் அழுக்கும் சிக்கும்.

இத்துறையில் முன்னின்றவர்களுள் ஒருவர் கேரளத்தில் பிறந்த புலிக்கல் அஜயன். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் அவருடைய குழுவினர் 2010இல், அம்மோனியா போரேன் என்னும் சேர்மத்தின் ஆவியைக் கொண்டு, செம்பின் மீது இரண்டு முதல் ஐந்து ஏடுகள் வரையுள்ள போரான் நைட்ரைடுப் படலத்தை வளர்த்தனர். 2011இல் இரு பொருள்களையும் இரண்டு கட்டங்களில் நேரடியாக அடுக்கி வளர்த்தனர். 2013இல் இன்னொரு புதுமை: போரான் நைட்ரைடு ஏட்டில் வேண்டிய இடத்தை மட்டும் அரித்தெடுத்து, அந்த இடைவெளியில் கிராஃபீனை வளர்த்தனர். மாக்கோலத்தின் நடுவே காவி நிரப்புவதுபோல, ஒரே ஏட்டில் கடத்தும் பகுதியும் கடத்தாப் பகுதியும் அமைந்தன.

2022இல் தென்கொரிய விஞ்ஞானிகள் நிக்கல் படிகத்தின் மீது, மூன்றே ஏடுகள் கொண்ட ஒற்றைப் படிகப் போரான் நைட்ரைடை வளர்த்தனர். எந்தப் பொருளையும் வேண்டிய எண்ணிக்கையில், வேண்டிய வரிசையில், பெரும்பரப்பில் பிசகின்றி நிறுத்துவதே இனி எஞ்சியுள்ள பணி. இவற்றைப் படிக்கும் மாணவர்களாகிய நீங்கள் ஒன்றை நினைவிற்கொள்ளுங்கள்: ஏட்டின் இயல்பைப் போலவே, அது விளையும் உலோகத்தின் இயல்பையும் அறிந்தாலன்றி அப்பணி கைகூடாது.