நாலு பக்கமும் தண்ணீர், நடுவில் ஒரு கள்ளுக்கடை

கேரளத்தின் சிற்றூர்க் கள்ளுக்கடைகளில் அரசாங்கம் தினமும் கவிழ்கிறது. சிரிப்புக்கு நடுவே சில நிஜமான வழக்குகளும் பதிவாகின்றன.

மாலை மணி ஐந்து. வைக்கத்திலிருந்து குமரகம் போகும் சாலையில், வாய்க்கால் ஓரமாக ஓர் ஓட்டுக் கட்டடம். வாசலில் கறுப்புப் பலகை. அதில் வெள்ளை எழுத்தில் 'கள்ளு' என்று மட்டும் எழுதியிருக்கிறது. உள்ளே பெஞ்சுகளில் பதினைந்து பேர் இருக்கலாம். குடம்புளி போட்ட மீன் குழம்பின் வாசனையும் புளித்த கள்ளின் வாசனையும் சேர்ந்து காற்றில் நிற்கின்றன.

"மகன் லண்டனில் இருக்கிறான். என்னைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நாலு கேமரா வைத்திருக்கிறான்" என்று ஆரம்பிக்கிறார் எழுபது வயதுக்காரர் ஒருவர். "இங்கே வருவதற்கு முன் வாசல் கேமராவில் துண்டைப் போட்டுவிடுவேன். நேற்று போன் செய்து கேட்கிறான்: அப்பா, அங்கே தினமும் சாயங்காலம் நாலரைக்கே இருட்டிவிடுகிறதே, ஏன்?"

கடை குலுங்குகிறது. சொன்னவர் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு துண்டு மீனை எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறார். மனைவி காலமாகிவிட்டார். மாடி வைத்த வீட்டில் அவர் ஒருவர்தான் இருக்கிறார் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

கேரளத்துக் கள்ளுக்கடையின் இலக்கணம் இதுதான். சொந்தத் துக்கத்தை நேராகச் சொன்னால் மரியாதை இல்லை. வேடிக்கையாக மாற்றிச் சொன்னால் எல்லோரும் கேட்பார்கள்.

இதற்குக் கள்ளும் ஒரு காரணம். விடியற்காலையில் பாளையிலிருந்து இறக்கும்போது அது இனிப்பு. நேரம் ஆக ஆகப் புளித்து வீரியம் கூடும். ஆனாலும் பிராந்தியின் அவசரம் அதற்கு இல்லை, மெதுவாகத்தான் ஏறும். முதல் பாட்டிலில் பஞ்சாயத்து விவகாரம், இரண்டாவதில் டெல்லி அரசியல், மூன்றாவதில்தான் குடும்பக் கதை. வழியில் பேசித் தீர்க்க நிறைய நேரம் இருக்கிறது.

வேம்பநாட்டு ஏரிக்கரையில் பேசுவதற்குப் பஞ்சமே இல்லை. கடல்மட்டத்துக்கும் கீழே நெல் விளையும் குட்டநாட்டுக்குள் உப்பு நீர் புகாமல் தடுக்க, 1976-ல் தண்ணீர்முக்கம் தடுப்பணை செயல்பாட்டுக்கு வந்தது. டிசம்பர் வாக்கில் ஷட்டர்களை மூடுவதும், அறுவடைக்குப் பிறகு திறப்பதும் ஏற்பாடு. மூடினால் விவசாயிக்கு மகிழ்ச்சி. திறந்தால்தான் மீனவனுக்குப் பிழைப்பு. இந்தச் சண்டை ஆண்டுதோறும் அரசாங்கக் கூட்டங்களில் நடக்கிறது. கடையில் அது ஒரே பெஞ்சில் நடக்கிறது.

"ஷட்டரை மூடினால் இவன் அழுகிறான், திறந்தால் அவன் அழுகிறான்" என்று தீர்ப்புச் சொல்கிறார் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். கடையில் அவருக்குப் பெயர் கிடையாது. எல்லோருக்கும் அவர் 'மாஷ்'தான். "உப்புத்தண்ணீரைத் தடுக்க அணை கட்டினார்கள். இவர்கள் கண்ணீரும் உப்புதானே, அதற்கு எந்த இலாகா அணை கட்டும்?"

ஓட்டம் குறைந்த தண்ணீரில் ஆகாயத்தாமரை மண்டி, படகுகள் சிக்கிக்கொள்கின்றன. அதற்கும் ஒரு பாராட்டுரை உண்டு. "விதைக்க வேண்டாம், உரம் வேண்டாம், கொள்முதல் விலை கேட்டு மறியல் செய்யாது. கேரளத்தில் லாபகரமாக நடக்கும் ஒரே விவசாயம் அதுதான்" என்கிறார் படகுக்காரர். நாலு பக்கமும் தண்ணீர் இருந்தும் குடிக்கிற தண்ணீருக்குக் குழாயை நம்பியிருக்கிற ஊர் அது. குழாயில் காற்றுதான் வருகிறது என்று ஒருவர் புகார் சொன்னால், பக்கத்தில் இருப்பவர் பாட்டிலை உயர்த்திக் காட்டுகிறார். "வேறு வழியில்லாமல்தானே இதைக் குடிக்கிறோம்!"

லாட்டரிச் சீட்டு விற்பவர் உள்ளே வருகிறார். 1967-ல் நாட்டிலேயே முதன்முதலாக அரசு லாட்டரி தொடங்கிய மாநிலம் கேரளம். நாளைக்கு விடியும் என்று சொல்லித்தானே அரசியல்வாதியும் ஏமாற்றுகிறான், நீயும் அதையே செய்கிறாயே என்று ஒருவர் சீண்டுகிறார். "நான் சீட்டு கொடுக்கிறேனே, சேட்டா. அவர்கள் அதுகூடக் கொடுப்பதில்லை" என்று பதில் வருகிறது. சிரித்தவர்களில் இரண்டு பேர் சீட்டும் வாங்குகிறார்கள்.

மூலையில் இருக்கும் இளைஞர் ஒரிசாக்காரர், கட்டட வேலை செய்கிறார். வடக்கேயிருந்து யார் வந்தாலும் கேரளத்தில் 'பெங்காலி'தான். சில ஆண்டுகளில் மலையாளம் கற்றுக்கொண்ட அவர் ஒருநாள் கேட்ட கேள்வியைக் கடை இன்னும் மறக்கவில்லை. "உங்களை டெல்லியில் மதராசி என்று சொன்னால் கோபம் வருகிறதல்லவா? அப்புறம் என்னை மட்டும் ஏன் பெங்காலி என்கிறீர்கள்?" அன்றைக்கு யாருக்கும் பதில் வரவில்லை. மாஷ்தான் அவருடைய பில்லையும் சேர்த்துக் கொடுத்தார். பட்டப்பெயர் மட்டும் மாறியது. இப்போது அவர் 'ஒரிசா'.

மதுவைப் பற்றிய அரசின் முடிவுகளைப்போலக் கடையைச் சிரிக்கவைத்த விஷயம் வேறில்லை. 1996 ஏப்ரலில் ஏ.கே. அந்தோணி அரசு சாராயத்தைத் தடை செய்தது. 2014-ல் உம்மன் சாண்டி அரசு, தரக்குறைவானவை என்று 418 பார்களின் உரிமத்தைப் புதுப்பிக்காமல் நிறுத்தி, பிறகு ஐந்து நட்சத்திர ஓட்டல்களில் மட்டுமே பார் இருக்கலாம் என்று அறிவித்தது. 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை ஆதரித்தது. ஆட்சி மாறியதும் 2017 ஜூலை முதல் மூன்று நட்சத்திர ஓட்டல்கள்வரை பார்கள் மீண்டும் திறந்தன. இதற்கிடையே நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2017 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தபோது, வடக்குப் பரவூரில் ஒரு பார் வாசலுக்கும் சாலைக்கும் இடையே வளைந்து வளைந்து போகும் பாதையைச் சுவர்போல எழுப்பித் தூரத்தைக் கூட்டிய செய்தி நாடெங்கும் வந்தது.

"உள்ளே போகும்போது தெளிவாக இருப்பதால் வழி தெரிந்துவிடும். திரும்பி வரும்போதுதான் சிக்கல்" என்று கடை அதற்கு விமர்சனம் எழுதியது. "ராத்திரி மாட்டிக்கொண்டவன் காலையில் மறுபடி வாசலுக்கே வந்து சேர்வான். கடைக்காரனுக்கு இரட்டை வியாபாரம்."

பார்கள் மூடியிருந்த அந்த ஆண்டுகளில் வேறொன்றும் தெரியவந்தது. அரசு மதுக்கடை வரிசையில் நின்றவர்கள் ஒருவரோடொருவர் பேசவில்லை. தலையைக் குனிந்து வரிசையில் நின்று, பாட்டிலை இடுப்பில் செருகிக்கொண்டு போனார்கள். குடி நின்றபாடில்லை, பேச்சு மட்டும் நின்றது. பெஞ்சில் உட்கார்ந்து பேசுகிற இடமாகக் கள்ளுக்கடைதான் மிஞ்சியது.

அந்தப் பெஞ்சும் நீண்ட நாள் நிலைக்குமா என்பது கேள்வி. மரத்தில் ஏற ஆள் குறைந்துவருகிறது. 1969-லேயே கள் தொழிலாளர்களுக்கென்று சேமநலநிதிச் சட்டம் கொண்டுவந்த மாநிலத்தில், இறக்குபவரின் மகன் அந்தத் தொழிலுக்கு வரத் தயாராக இல்லை. "தென்னையில் ஏறுவதைவிட விமானத்தில் ஏறுவது சுலபம்" என்கிறார் ஐம்பது தாண்டிய இறக்குபவர். உள்ளூர்க் கள் போதாமல், தமிழ் பேசுவோர் கணிசமாக வாழும் பாலக்காட்டுச் சித்தூர் வட்டாரத்திலிருந்து தெற்கு மாவட்டங்களுக்கு வண்டிகளில் கள் வருகிறது. 1987-ல் கள்ளுக்குத் தடை விதித்த தமிழ்நாட்டின் எல்லைக்கு மிக அருகில் இருக்கிறது அந்த ஊர்.

இன்னொரு பக்கம், சாலையோரக் கடைகள் பல குடும்பத்தோடு வந்து சாப்பிடும் உணவகங்களாகிவிட்டன. கரிமீனும் வாத்துக்கறியும் தேடிக் கார்கள் வருகின்றன. குளிர்சாதன அறை, தனித்தனித் தடுப்புகள். வியாபாரத்துக்கு நல்லதுதான். ஆனால் தடுப்புக்கு இந்தப்பக்கம் இருப்பவர் சொன்ன வேடிக்கைக்கு அந்தப்பக்கம் இருப்பவர் சிரிக்க முடியாது.

பேச்சையும் சிரிப்பையும் கொண்டாடிக்கொண்டே இருக்க, சமையற்கட்டில் இருக்கும் பெண்மணி விடுவதில்லை. இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைக்க வருடக்கணக்காக இங்கே மீன் குழம்பு வைப்பவர் அவர். "இங்கே சொல்வதில் பாதியை வீட்டில் சொன்னால் இவர்கள் குடும்பத்தில் பாதிச் சண்டை குறையும். இங்கே கொடுப்பதில் பாதியை வீட்டில் கொடுத்தால் மீதிச் சண்டையும் குறையும்" என்கிறார், கரண்டியைக் கீழே வைக்காமலே. பெஞ்சிலிருந்து மறுப்பு எழவில்லை.

அன்றைக்கு அதுவரை வாய் திறக்காமல் இருந்தவர் ஒரு நெல் விவசாயி. இரண்டாவது பாட்டில் பாதியானபோது தன்னைப் பற்றியே ஒரு விடுகதை போட்டார்.

"நெல்லை விற்றவன் நான். பணம் வரவேண்டியது எனக்கு. கடன்காரன் யார், சொல்லுங்கள் பார்க்கலாம்?"

விடை எல்லோருக்கும் தெரியும். அரசுக்கு நெல்லைக் கொடுக்கும் விவசாயிக்கு ஒரு ரசீது கிடைக்கும். அதை வங்கியில் காட்டினால் பணம் வரும். ஆனால் அந்தப் பணம் விவசாயியின் பெயரில் கடனாகவே பதிவாகும். அரசு பின்னால் வங்கிக்குச் செலுத்தும்போதுதான் அது தீரும். அரசு தாமதித்தால் வங்கியின் கணக்கில் பாக்கிதாரர் விவசாயிதான். 2023 ஆகஸ்டில் களமசேரியில் அமைச்சர்கள் இருந்த மேடையிலேயே நடிகர் ஜெயசூர்யா நெல் விவசாயிகளுக்குப் பணம் வந்துசேரவில்லை என்று பேச, மாநிலம் முழுவதும் அது சர்ச்சையானது.

"அவருக்கு மேடை கிடைத்தது. நமக்கு பெஞ்சு" என்று யாரோ சொல்ல, வழக்கம்போலச் சிரிப்பு எழுந்தது. விவசாயியும் சிரித்தார். பிறகு, மகளின் நர்சிங் படிப்புக்குக் கடன் கேட்டு வங்கிக்குப் போனதையும், பழைய பாக்கியைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டதையும் இரண்டே வாக்கியங்களில் சொன்னார். கட்டணத்துக்குக் கெடு இன்னும் பன்னிரண்டு நாள்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. லாட்டரிக்காரர் சீட்டுகளை எண்ணுவதுபோல் பாவனை செய்தார். ஷட்டர் சண்டையில் அவருக்கு எதிர்க்கட்சியான மீனவர், தன் தட்டிலிருந்த மீனை அவர் பக்கம் தள்ளினார்.

மாஷ்தான் பேசினார். "ரசீது வைத்திருக்கிறாயா?"

"வீட்டில் இருக்கிறது, மாஷே."

"வங்கி கொடுத்த கடிதம்?"

"கடிதம் ஏது? வாயால்தான் சொன்னார்கள்."

"அப்படியானால் முதல் வேலை அதை எழுத்தில் வாங்குவது. மனுவை நான் எழுதுகிறேன். வங்கிக்கு ஒன்று, கலெக்டருக்கு ஒன்று." சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தவர், மேஜையில் இருந்த பாட்டில்களைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் செருகிக்கொண்டார். "இப்போது எழுதினால் இதிலும் ஒரு வேடிக்கை வந்துவிடும். காலையில் ரசீதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா. கள் இனிப்பாக இருக்கிற நேரத்தில்."

விவசாயி தலையாட்டினார். மூன்றாவது பாட்டில் வேண்டுமா என்று கேட்ட பையனிடம் வேண்டாம் என்று சொல்லி, பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு எழுந்தார். கேமராவில் துண்டைப் போட்டுவிட்டு வந்த பெரியவரும் கூடவே கிளம்பினார்.

"மகன் போன் செய்கிற நேரம்" என்றார். "போய் விடியவைக்க வேண்டும்."