புனே ஆற்று மீன் காவிரிக்கு வந்த கதை

புனே நகருக்குள் முளா, முட்டா என்று இரண்டு ஆறுகள் கூடுகின்றன. பாலத்தில் போகிறவர்கள் இன்று மூக்கைப் பொத்திக்கொள்ளும் அந்தத் தண்ணீரில் ஒரு காலத்தில் மஹசீர் துள்ளியது. பம்பாய் அரசுக்குப் புள்ளிவிவரம் சேகரித்த கர்னல் சைக்ஸ் அதைப் பார்த்து, 1839இல் அறிவியல் உலகுக்கு அறிமுகம் செய்தார். இன்றைய பெயர் டோர் குத்ரீ. நீலத்துடுப்பு மஹசீர் என்றால் தூண்டில்காரர்களுக்குப் புரியும்.

கெண்டைக் குடும்பம்தான். ஆனால் குளத்துக் கெண்டைக்குப் போடுகிற நரம்பைப் போட்டால் அறுத்துக்கொண்டு போய்விடும். தடித்த உதடு, நான்கு மீசை, பெரிய பெரிய செதில். தாடையில் பல் கிடையாது. தொண்டைக்குள் இருக்கும் பற்களால் நத்தையை ஓட்டோடு நொறுக்கும். கரையோர மரத்துப் பழம் விழுந்தாலும் விடாது. மழைக்காலத்தில் நீரோட்டத்தை எதிர்த்து ஏறிச் சரளைக்கல் படுகையில் முட்டையிடும். வழியில் அணை நின்றால் அந்தப் பயணம் அதோடு சரி.

அணை கட்டியவர்களே இந்த மீனுக்குக் குஞ்சு பொரித்தும் கொடுத்தார்கள் என்பதுதான் வேடிக்கை. புனே மாவட்டம் லோனாவளாவில் இருக்கிறது வால்வண் ஏரி. 1915இல் இயங்கத் தொடங்கிய கோபோலி நீர்மின் நிலையத்துக்காக டாடா நிறுவனம் உண்டாக்கிய ஏரிகளில் ஒன்று. அதன் கரையில் 1970களில் மஹசீர் பொரிப்பகம் வளர்ந்தது. சினை மீனின் வயிற்றை மெல்ல அழுத்தி முட்டையை எடுத்து, ஆண் மீனின் விந்தோடு கலப்பார்கள். சி.வி. குல்கர்ணியும் எஸ்.என். ஓகலேவும் ஒருபடி மேலே போய், கருவுற்ற முட்டைகளை ஈரப் பஞ்சில் பொதிந்து விமானத்தில் அனுப்ப முடியும் என்று 1979இல் எழுதினார்கள். தண்ணீரே இல்லாமல் மீன் பயணம்!

இப்படிக் கிளம்பிய நீலத்துடுப்பு காவிரியிலும் இறங்கியது. அங்கே ஏற்கெனவே ஒரு ராஜா இருந்தது: திமில் மஹசீர். 1946இல் காவிரியில் கலக்கும் கபினியில் வான் இங்கன் என்பவர் பிடித்த மீனின் எடை 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. உலகமே தேடி வந்து தூண்டில் போட்ட இந்த மீனின் சரியான அறிவியல் பெயர் டோர் ரேமாதேவி என்பது 2018இல்தான் உறுதியானது. ஊர் பேர் தெரியாமலே ஒரு மீனை இழக்கப் பார்த்தோம்.

கர்நாடகத்தில் காவிரிக் கரையிலுள்ள காலிபோரே தூண்டில் முகாமில் மீனைப் பிடித்து, குறித்துக்கொண்டு, மறுபடி ஆற்றில் விடுவது வழக்கமாக இருந்தது. 1998 முதல் 2012 வரையிலான அந்தப் பதிவுகளை ஆய்வாளர்கள் புரட்டியபோது நீலத்துடுப்பு பெருகியிருந்தது. திமில் மீன் குறைந்துகொண்டே வந்தது; கிடைத்தவையோ ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக இருந்தன. தாத்தாக்கள் இருந்தார்கள், பேரன்களைக் காணோம். பழியை எல்லாம் புனே மீன்மேல் போட முடியாது. அணை, மணல் கொள்ளை, வெடி வைத்துப் பிடிப்பது எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனாலும் ஓர் ஆற்றின் மீனை இன்னொன்றில் கொட்டுவதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைத்தது தவறு.

2018 மதிப்பீட்டில் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் நீலத்துடுப்பை ஆபத்துப் பட்டியலிலிருந்து இறக்கியது. திமில் மஹசீரை அழிவின் விளிம்பில் சேர்த்தது. ஒகேனக்கல் பக்கம் தூண்டில் போடுகிறவர்களே, முதுகில் திமிலும் ஆரஞ்சு நிறத் துடுப்புமாக ஒரு மீன் ஏறினால், முள்ளைப் பதமாகக் கழற்றித் திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுங்கள்.